பேப்பர் மில் பேக் வாட்டரில் புளித்த நாற்றம்: சென்சார் டோசிங் வைத்தால் தீருமா?

லேப்_செல்வி:
உடுமலைப் பக்கம் சின்ன பேப்பர் மில். பழைய அட்டைப்பெட்டி வாங்கி, பெட்டி செய்யும் கிராஃப்ட் காகிதம் ஓட்டுகிறோம். போர்வெல் வற்றியதிலிருந்து பேக் வாட்டரை, அதாவது மெஷினில் காகிதத்திலிருந்து வடியும் தண்ணீரை, முடிந்த மட்டும் திருப்பி விடுகிறோம். இப்போது சுற்றுத் தண்ணீரின் பி.எச். 6-க்கு வந்துவிட்டது. ரீலில் சுற்றிய காகிதம் வரைக்கும் புளித்த வாடை. பர்ஸ்ட் (காகிதம் கிழியாமல் தாங்கும் பலம்) விழுகிறது, பலத்துக்குச் சேர்க்கும் ஸ்டார்ச்சின் செலவு ஏறுகிறது, இ.டி.பி.க்கு (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) போகும் சி.ஓ.டி.யும் (கரிமக் கழிவின் அளவு) ஏறுகிறது. கெமிக்கல் கம்பெனிக்காரர் ஒருவர், ஓ.ஆர்.பி. சென்சார் (தண்ணீரின் ஆக்ஸிஜனேற்ற நிலையை அளப்பது) வைத்து, பாக்டீரியாவைக் கொல்லும் பயோசைடைத் தானாக டோஸ் பண்ணலாம், கிராஃபை மொபைலிலேயே பார்க்கலாம் என்கிறார். முதலாளிக்குப் பிடித்துவிட்டது. நான் என்ன சொல்லட்டும்?

வயர்_பிட்:
சென்சாருக்குக் கொட்டுகிற காசில் காஸ்டிக் சோடா வாங்கி, மெஷினை நிறுத்தும் நாளில் சூடாகச் சுற்றவிட்டு நன்றாக பாயில்-அவுட் பண்ணுங்கள். ஸ்லைம் (பாக்டீரியாவின் வழுவழுப்புப் படலம்) போய்விடும்.

பழைய_பல்ப்பர்:
பாயில்-அவுட் குழாயைக் கழுவும், தண்ணீரைத் திருத்தாது. செல்வி, முதலில் ஒரு சோதனை செய்யம்மா. பெட்டியைக் கூழாக்கும் பல்ப்பரின் வெளிவாயில் ஒரு சாம்பிள், பேக் வாட்டர் தொட்டியில் ஒரு சாம்பிள். வடிகட்டி, ஆறவைத்து, இரண்டிலும் அயோடின் சொட்டு விடு. முதலாவது நீலமாகி இரண்டாவது ஆகாவிட்டால், பெட்டியோடு வந்த ஸ்டார்ச்சை வழியிலேயே பாக்டீரியா தின்றுவிட்டது என்று அர்த்தம். அதுதான் அமிலமாகிப் புளிக்கிறது. அந்த அமிலம் பழைய காகிதத்தில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும். அது பிறகு குழாயிலும் இ.டி.பி.யிலும் சுண்ணாம்பாகப் படியும். பெட்டியோடு வரும் ஸ்டார்ச்சைத் தொலைத்துவிட்டு, நீங்கள் புதிதாகக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

பயோசைட் தேவைதான். வெறும் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) ஊற்றினால் நாரோடும் அழுக்கோடும் வினைபுரிந்தே பாதி தீர்ந்துவிடும், குளோரின் ஏறிய கரிமக் கழிவும் கூடும். அமோனியம் உப்போடு ஹைப்போவைக் கலந்து அங்கேயே மோனோகுளோரமைன் செய்துவிடுவது மேல். அது நிதானமாக வேலை செய்யும். ஆனால் காப்பாற்றிய ஸ்டார்ச்சை நாரில் பிடித்து நிறுத்த பி.ஏ.சி.யோ (பாலி அலுமினியம் குளோரைடு) கேட்டயானிக் (நேர்மின்னூட்ட) பாலிமரோ சேர்க்காவிட்டால், அது தண்ணீரிலேயே சுற்றிச் சுற்றி மறுபடியும் தீனியாகும். இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

சென்சாரை நான் எதிர்க்கவில்லை. ஷிப்டுக்கு ஒரு சாம்பிள் எடுத்தால், இரவில் மெஷின் நின்று தொட்டி தேங்கிய நேரம் கண்ணில் படாது, சென்சார் காட்டும். ஆனால் இந்தத் தண்ணீரில் புரோப் (சென்சாரின் முனை) மேல் ஸ்லைமும் சுண்ணாம்பும் சீக்கிரம் மூடும். அப்போது அது காட்டுவது படலத்தைத்தான், தண்ணீரை அல்ல. பம்ப் அதை நம்பி பயோசைடை ஊற்றும். புரோப்பை எங்கே வைப்பார், யார் துடைப்பார், எந்த ஸ்டாண்டர்ட் கரைசலில் சரிபார்ப்பார் என்று எழுதி வாங்கு.

இன்னொன்று, இது கட்டாயம்: நீங்கள் போடும் ஆலத்தில் (அலுமினியம் சல்ஃபேட்) சல்ஃபேட் இருக்கிறது. ஆக்ஸிஜன் இல்லாத தொட்டியில் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைட் என்ற நச்சு வாயு வரும். காற்றைச் சோதிக்காமல் யாரையும் தொட்டிக்குள் இறங்க விடாதே. நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பாதே, அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும்.

ரைன்_மில்:
ஜெர்மனியில் ட்சூல்பிஷ் காகித ஆலை தண்ணீர்ச் சுற்றை முழுதாக மூடி ஓட்டியது. ஆனால் 1990களில் சுற்றுக்கு உள்ளேயே உயிரியல் சுத்திகரிப்பை வைத்தது. சுத்திகரிப்பு இல்லாமல் வெறுமனே மூடினால் புளிக்கத்தான் செய்யும்.

லேப்_செல்வி:
அயோடின் போட்டேன் அண்ணா. பல்ப்பரில் நல்ல நீலம், தொட்டியில் நிறமே இல்லை. இரண்டு பீக்கரையும் முதலாளி மேசையில் வைத்துக் காட்டினேன். புரோப் கேள்விகளைக் கம்பெனிக்காரருக்கு அனுப்பியாயிற்று. சல்ஃபேட்டைத் தவிர்க்க ஆலத்தை நிறுத்தினால், ரோசின் சைசிங் (காகிதம் தண்ணீர் உறிஞ்சாமல் இருக்கச் சேர்க்கும் ரோசின்) என்ன ஆகும்?

பழைய_பல்ப்பர்:
பி.ஏ.சி.யோடு டிஸ்பெர்ஸ்டு ரோசின் (தண்ணீரில் நுண்துகளாகக் கலந்த ரோசின்) ஓடும். கொஞ்சம் கொஞ்சமாக மாற்று, ஒவ்வொரு ரீலிலும் காப் (காகிதம் எவ்வளவு தண்ணீர் உறிஞ்சுகிறது என்ற சோதனை) பார். ரோசினுக்குப் பதிலான ஏ.கே.டி. என்ற சைசிங் கெமிக்கலுக்குப் போக பி.எச். 7-க்கு மேல் நிலையாக நிற்க வேண்டும். தண்ணீர் தேறட்டும், அதை அப்புறம் பேசலாம்.