புதுப்பிப்பு: பழைய பீங்கான் குழாயில் ஜெட் அடித்தாயிற்று

போன மாதம் கேட்டிருந்தேன்: தாத்தா கட்டிய மாம்பலம் வீட்டில் கழிவுநீர்க் குழாய் அடிக்கடி அடைக்கிறது, அடைப்பெடுக்க அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் ஜெட் தண்ணீரை அந்தக் காலத்துப் பீங்கான் குழாய் தாங்குமா என்று. "முதலில் கேமரா விட்டுப் பாருங்கள்" என்றவர் பேச்சைத்தான் கேட்டேன். நல்லவேளை.

குழாயின் பளபளப்பு அப்படியே இருக்கிறது. கோளாறு இணைப்புகளில்தான். இரண்டடிக்கு ஒரு இணைப்பு, பல இடங்களில் சிமெண்ட் உதிர்ந்திருந்தது. புங்க மரத்தடியில் வேர் உள்ளே புகுந்து வெட்டிவேர்த் தட்டி போலத் தொங்கியது. ஒரு துண்டில் நீளவாக்கில் விரிசல்.

முதலில் வந்தவர் 4,000 பிஎஸ்ஐ (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) வைத்து அடிக்கலாம் என்றார், அனுப்பிவிட்டேன். அடுத்தவர் விரிசல் துண்டைத் தோண்டி எடுத்துப் பிவிசி போட்ட பிறகே ஜெட்டை எடுத்தார், அதுவும் 1,500-இல். குழாயைத் திறந்து பார்க்கும் தெருப்பக்கத் தொட்டியிலிருந்து ஹோஸை வீட்டை நோக்கி விட்டார். நாசிலின் (ஹோஸின் முனை) துளைகள் பின்பக்கம் பார்த்திருப்பதால், பீய்ச்சும் வேகத்திலேயே ஹோஸ் பாம்பு மாதிரி தானாக முன்னேறுகிறது. கழிவு தண்ணீரோடு தொட்டிக்கு வந்துவிடுகிறது. யாரும் உள்ளே இறங்கவில்லை. அரை வாளி வேர், கூடவே என் பழைய சோப்பு டப்பா மூடி!

ஜெட் வேரை நறுக்குமே தவிரக் கொல்லாது. இணைப்புகளைப் பூசாதவரை திரும்ப வரும். அதனால் அடுத்த ஆடியில் மறுபடி கேமரா.

மரத்தை வெட்டச் சொன்னவர்களுக்கு: அம்மா விடமாட்டேன் என்கிறார்.