குட்டி கேட்டு வந்தவர்கள்

தத்துப் போகும்வரை நாய்க்குட்டிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் உங்கள் கதையையும் போடுங்கள். முதலில் என்னுடையது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆரம்பித்தது. தாமிரபரணி திருநெல்வேலி சிந்துபூந்துறைக்குள் ஏறி வடிந்தபிறகு, சொந்தக்காரர் வீட்டில் சகதி அள்ளப் போனேன். மாடிப்படிக்கு அடியில் மூன்று குட்டிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. சாக்கில் சுற்றிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தேன். அம்மா வாசலிலேயே மறித்துவிட்டாள். "ஏல, தார்சாவோட நிக்கணும். பட்டாசலுக்குள்ள வந்துச்சுன்னா உனக்கும் சேத்து சோறு கெடையாது." (எங்கள் ஊரில் தார்சா என்றால் முன்தாழ்வாரம், பட்டாசல் என்றால் கூடம்.)

வளர்ப்பது பெரிய பாடில்லை. பசும்பாலை ஊற்றி இரண்டு நாள் கழிசல் பார்த்தோம். அப்புறம் குழைந்த சோறும் அவித்த கோழியும்தான். பாடெல்லாம் கொடுக்கிற இடத்தில். போனில் முதல் கேள்வியே "ஆணா, பொட்டையா?" பொட்டை என்றால் "வீட்ல கேட்டுச் சொல்லுதேன்" என்பார்கள். இன்றுவரை கேட்டு முடியவில்லை. வெள்ளைக் குட்டியின் படத்தைப் பார்த்த ஒருவர் ராஜபாளையமா என்று விசாரித்தார். வெள்ளையாக இருப்பதெல்லாம் ராஜபாளையம் என்றால் எங்கள் வீட்டுச் சுவரும் ராஜபாளையம்தான்.

ஆண் குட்டியைக் களக்காடு பக்கம் வாழை போட்டிருக்கும் ஓர் அண்ணாச்சி கேட்டார். பன்றித் தொல்லை, காவலுக்கு வேண்டுமாம். தங்கமான மனிதர், ஏத்தன் பழம் இரண்டு சீப்போடு வந்தார். கொடுத்தேன். பத்து நாள் கழித்து, அந்தப் பக்கம் ஒரு கல்யாணம் என்று பொய் சொல்லிப் போய்ப் பார்த்தேன். பம்புசெட் அறை வாசலில் ஒரு முழச் சங்கிலியில் கிடந்தது. நிழல் நகர்ந்துவிட்டது, குட்டியால் நகர முடியவில்லை. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்திருந்தது. மூன்று மாதக் குட்டி பன்றியை என்ன செய்துவிடும்? தூக்கிக்கொண்டேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஒரு நாயிக்கு இவ்வளவா தம்பி?" என்றார். பழத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, தின்றாகிவிட்டது.

இப்போதெல்லாம் முதலில் வீட்டைப் போய்ப் பார்க்கிறேன். பகலில் எங்கே கிடக்கும், வெளியூர் போனால் யார் சோறு வைப்பார், பொட்டையென்றால் கருத்தடை செய்ய ஒப்புக்கொள்வார்களா, இவ்வளவும் கேட்பேன். பொண்ணு கொடுக்கிற மாதிரி விசாரிக்கிறான் என்று கேலி பேசுகிறார்கள். பேசட்டும். வெள்ளைக் குட்டியும் அந்த ஆண் குட்டியும் அப்படித்தான் நல்ல வீடு போய்ச் சேர்ந்தன.

கல்லிடைக்குறிச்சிக்காரர்:
கோவிச்சுக்கிடாதீய. தோப்பு நாய் எல்லாமே பாவம்னு நெனைக்கக்கூடாது. எங்க தோப்புல ரெண்டு கெடக்கு. வேலைக்குப் போகும்போது கூடவே வரும், வாய்க்கால்ல எறங்கிக் கெடக்கும், ராத்திரி அவுத்துதான் விடுவோம். காலைல பிளாட்டுக்குள்ள பூட்டிப்போட்டுட்டு புருஷனும் பொண்டாட்டியும் வேலைக்குப் போறாவளே, அதைவிட இது மோசமா? அந்த அண்ணாச்சிகிட்ட, "சங்கிலி குட்டையா இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாத்திருக்கலாம்.

பேட்டையிலிருந்து:
நல்ல வீடு பாக்கதுக்கு முன்னால குட்டி பொழைக்கணும்லா? புதுசா வந்த குட்டிய ரெண்டு வாரம் தனியா வைங்க. நான் வைக்கல. நாலாம் நாள் வாந்தி, மறுநாள் ரத்தமா கழிச்சல். பார்வோங்கிற வைரஸ் நோய். ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்கு தெனமும் டூவீலர்ல கொண்டுபோயி குளுக்கோஸ் ஏத்தினோம். நாலு குட்டியில ஒண்ணுதான் தேறிச்சு. அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்கா கெடக்கும். பினாயிலை நம்பாதீய, பிளீச்சிங் கரைச்சு ஊத்தணும். ஒரு தடுப்பூசியோட நிறுத்தவும் கூடாது. 6, 8 வாரத்துல ஆரம்பிச்சு, 16 வாரம் ஆகுறவரைக்கும் 3, 4 வாரத்துக்கு ஒருக்க போடணும். எங்க வளவுல அதுக்கப்புறம் குட்டியே எடுக்கல. ஊசி போட்ட பெரிய நாய்னா மட்டும் வச்சிக்கிடுதேன்.

பாளையங்கோட்டை (மறுபடியும் நான்):
கல்லிடை அண்ணாச்சி சொன்னது உறைக்கிறது. அன்றைக்குக் கோபத்தில் தூக்கினேன், பேசவில்லை.

மூன்றாவது குட்டி கருப்புப் பொட்டை. வளர்ந்து, கருத்தடையும் ஆகி, இன்னும் தார்சாவில்தான் கிடக்கிறது. தேய்பிறை அஷ்டமியன்று தெருவே பைரவர் என்று அதற்கு பிஸ்கட் கொண்டுவருகிறது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றால் ஒருவரையும் காணோம். அண்ணாச்சி, உங்கள் தோப்பில் இன்னொன்றுக்கு இடம் இருக்குமா? சங்கிலி எத்தனை முழம் என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.