நடந்துகொண்டே கவுன்சிலிங்: நீங்கள் என்ன உடுத்திப் போனீர்கள்?

மயிலாப்பூர்வாசி:

அம்மா போன பிறகு எட்டு மாதம் எனக்குத் தூக்கம் சரியில்லை. கவுன்சிலிங் போகலாம் என்று முடிவெடுத்தாலும், நாலு சுவருக்குள் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதை நினைத்தாலே தொண்டை அடைத்தது. "அப்போ நடந்துகிட்டே பேசலாமே" என்றார் கவுன்சிலர். லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா, காலை ஆறரை மணி, ஐம்பது நிமிடம். என்ன உடுத்தி வர வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

காலண்டரில் 'அப்பாயின்ட்மென்ட்' என்று எழுதியிருந்ததால் ஆபீஸுக்குப் போகிற மாதிரியே கிளம்பிவிட்டேன். அயர்ன் செய்த குர்த்தா, ஷிஃபான் துப்பட்டா, கொஞ்சம் உயர்ந்த குதிகால் செருப்பு, தோளில் ஹேண்ட்பேக். முதல் சுற்று முடிவதற்குள் துப்பட்டாவை ஏழெட்டுத் தடவை இழுத்துவிட்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் அம்மாவின் கடைசி ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பை தோளிலிருந்து நழுவியது. அதைப் பிடிக்கப் போனதில் கையிலிருந்த சாவி விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தால், சொல்ல வந்தது போயே போச்சு. அன்றைக்கு அதைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. அழுகை மட்டும் அடுத்த சுற்றில் வந்தது. ஷிஃபானில் கண்ணைத் துடைத்துப் பாருங்கள், கன்னமெல்லாம் ஈரம் பரவுமே தவிர ஒரு சொட்டைக்கூட அது உறிஞ்சாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டு பருத்தி டாப்ஸை எடுத்துக்கொண்டு தையல்காரரிடம் போனேன். பக்கவாட்டில் பாக்கெட் வைத்துத் தர வேண்டும். "ஃபால் கெட்டுடும் மேடம்" என்று முகத்தைச் சுளித்தார். கெடட்டும் என்றேன். இப்போது வலது பாக்கெட்டில் போனும் சாவியும், இடது பாக்கெட்டில் அப்பாவின் கைக்குட்டை. ஆண்கள் கைக்குட்டைதான் அழுகைக்குத் தாங்கும், நம்முடைய லேஸ் வைத்த துண்டு எதற்கும் உதவாது. துப்பட்டா வேண்டுமென்றால் பருத்தியில் போட்டு, இரண்டு முனையையும் இடுப்புப் பக்கம் முடிந்துவிடுங்கள். காலில் வாக்கிங் ஷூ. சாம்பல் நிற டாப்ஸ் மட்டும் வேண்டாம். சென்னைப் புழுக்கத்தில் அக்குள் வியர்வையை அது ஊருக்கே காட்டிக்கொடுக்கும். வெள்ளையிலும் பூப்போட்டதிலும் அவ்வளவாகத் தெரியாது.

ஷூவால் இன்னொரு லாபமும் உண்டு. மூன்றாவது வாரம் எங்கள் ஃபிளாட் மாமி எதிரே வந்துவிட்டார். தெரிந்தவர் யாராவது வந்தால் என்ன சொல்வது என்பதை முதல் நாளே பேசி வைத்திருந்தோம்: பேச்சை நான் ஆரம்பிப்பது, கவுன்சிலர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லாமல் நிற்பது. மாமி என் காலைப் பார்த்தார். "வாக்கிங்கா? நல்லது. சர்க்கரை வந்துடுத்தோ?" என்றார். ஆமாம் மாமி, பார்டரில் இருக்கு என்று சொல்லித் தப்பித்தேன். கவுன்சிலர் என்று மட்டும் சொல்லியிருந்தால் வார்டு கவுன்சிலர் என்று நினைத்து, தெருவில் குப்பை அள்ளாத கதையை அவரிடம் ஆரம்பித்திருப்பார்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். முக்கியமாக மழைக்கு என்ன செய்கிறீர்கள்?

ரேஸ்கோர்ஸ் தாத்தா, கோவை:

நமக்கு வயது 67ங்க. ரிட்டையர் ஆன பிறகு காரணமே இல்லாமல் படபடப்பு. மகள்தான் ஏற்பாடு செய்தாள். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் வாரம் ஒரு நாள். கவுன்சிலர் சின்ன வயதுப் பெண், தங்கமான பொண்ணு. நான் எப்போதும்போல வேட்டியில் போனேன். மடித்துக் கட்டினால் அந்தப் பொண்ணு முன்னால் சங்கடமாக இருக்கிறது. இறக்கிவிட்டால் காற்று வந்து காலில் சுற்றுகிறது. ஒரு கை வேட்டி நுனியிலேயே இருந்தால் மனசு எங்கே பேச்சில் இருக்கும்? அடுத்த வாரத்திலிருந்து பேன்ட்தான்.

செருப்பு விஷயத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை எனக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது, பாதம் பாதி மரத்துப்போய்க் கிடக்கிறது. எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) போட்டிருந்தேன், ஆனால் பின்னால் வார் இல்லாத மாடல். என் அப்பாவோடு போட்ட ஒரு பழைய சண்டையை மும்முரமாகச் சொல்லிக்கொண்டே போகிறேன், "அங்கிள், ஒரு செருப்பு பின்னாடி கிடக்குது" என்கிறது பொண்ணு. திரும்பிப் பார்த்தால் இருபதடி தள்ளிக் கிடக்கிறது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை! கல்லோ கண்ணாடியோ ஏறியிருந்தாலும் தெரிந்திருக்காது. டாக்டர் நல்லாத் திட்டினார். இப்போது பின்வார் வைத்த எம்.சி.ஆர். சேண்டல், உள்ளே வெள்ளை சாக்ஸ். வெள்ளை எதற்கென்றால், ரத்தம் கசிந்தால் உடனே தெரியும். சர்க்கரைக்காரர்கள் செருப்புக்குள் கை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். புதுசு வாங்குவதானால் சாயங்காலமாகப் போய் வாங்குங்கள், பொழுது சாயச் சாயக் கால் கொஞ்சம் வீங்கும்.

ஸ்கார்பரோவிலிருந்து:

இங்கே கனடாவில் கதையே வேறை. என்ரை கவுன்சிலர் குளிர்காலத்திலும் வெளியிலைதான் நடப்பா. போன மாசியில் மைனஸ் 14. நான் பெரிய ஜக்கெட், அதின்ரை தொப்பியையும் இழுத்து மூடிக்கொண்டு போனன். அந்தத் துணி காதடியில் உரசுற சத்தத்தில் அவ சொல்லுறது ஒன்றும் விளங்கேல்லை, நான் சொல்லுறது அவவுக்கும் கேக்கேல்லை. "என்ன சொன்னனீங்கள்?" என்று நாலு தரம் கேட்டா. ஊரில் பங்கருக்குள் இருந்த இரவை ஒருக்காச் சொல்லுறதே பெரும்பாடு. அதைக் கத்திச் சொல்ல ஏலுமே? பாதியில் விட்டிட்டன்.

அடுத்த கிழமை காதை மூடுற மெல்லிய கம்பளித் தொப்பி ஒன்று வாங்கினன். குளிரும் தாங்குது, கதையும் கேட்குது. உள்ளுக்குப் பருத்தி பெனியன் போடாதையுங்கோ. மெல்ல நடந்தாலும் ஜக்கெட்டுக்குள் வேர்க்கும், பருத்தி அந்த ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும், வாங்கில் பத்து நிமிஷம் இருந்தால் முதுகு விறைச்சுப் போகும். கம்பளி உள்ளாடைதான் சரி. சப்பாத்துக்குக் கீழே மாட்டுற முள்ளு வைச்ச ரப்பரும் வேணும், ஐஸில் வழுக்குமோ என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கேக்கை மனசைப் பார்க்க ஏலாது. கையுறையில் பெருவிரல் பக்கம் மெத்தென்ற துணி வைச்சது கிடைக்கும், மூக்குத் துடைக்க. அழுதாலும் குளிருக்கு மூக்கு ஓடுது என்றுதான் போறவை நினைப்பினம்.

பெங்களூர்க்காரி:

நான் கவுன்சிலிங் தொழிலில் இருப்பவள். கப்பன் பூங்காவில் நடந்தபடி பேசுவோம். 1910 ஆகஸ்டில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டும் இசையமைப்பாளர் மாலரும் சுமார் நாலு மணி நேரம் நடந்தே பேசினார்கள் என்பது எங்கள் வட்டாரத்தில் அடிக்கடி சொல்லப்படும் கதை. எனக்கு ஐம்பது நிமிடத்திலேயே கால் கெஞ்சும்.

மழைக்கு எங்களில் பலர் குடையைத்தான் நினைப்போம். தூறலுக்குக் குடை வேண்டாம் என்பது என் கட்சி. இரண்டு பேரும் ஆளுக்கொரு குடை பிடித்தால் நடுவில் மூன்றடி இடைவெளி விழுந்துவிடும், மெல்லிய குரல் அங்கேயே நின்றுவிடும். ஒரே குடைக்குள் என்றால் தோள் இடிக்கும், எல்லோருக்கும் அது சரிப்படாது. விளிம்பு வைத்த தொப்பியும் மெல்லிய மழைக்கோட்டும் போதும். இடி இடித்தால் அன்றைக்குப் போனில் பேசிக்கொள்வோம் என்று முன்பே முடிவு செய்துவிடுவேன். கூலிங் கிளாஸ் போடலாமா என்று தயங்கிக் கேட்பார்கள். தாராளமாகப் போடுங்கள். பக்கத்தில் நடக்கும்போது நான் உங்கள் கண்ணைவிடக் குரலையும் நடையையும்தான் கவனிக்கிறேன்.

மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒன்று. மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் சில வியர்வையை அதிகமாக்கும். உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படாமல் மாற்று டாப்ஸ் ஒன்றைப் பையில் வையுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வரவே கூடாது. உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும், அது ஆபத்து. கத்திரி வெயிலில் நடக்கலாமா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மயிலாப்பூர்வாசி:

தாத்தா, வெள்ளை சாக்ஸ் விஷயத்தை எங்கள் பெரியப்பாவுக்கு இப்போதே சொல்லிவிட்டேன். ஸ்கார்பரோக்காரரே, பாதியில் விட்டதை அப்புறம் சொல்ல முடிந்ததா? விருப்பமிருந்தால் மட்டும் எழுதுங்கள். பாக்கெட் அளவு கேட்டுத் தனியாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள்: சைடு ஓப்பன் தொடங்கும் இடத்துக்கு மேலே வாய் வர வேண்டும், ஆழம் எட்டு அங்குலம். ஆறு அங்குலத்துக்குத் தைத்ததில் உட்காரும்போதெல்லாம் போன் வெளியே எட்டிப் பார்த்தது, அதைப் பிரித்து மறுபடி தைக்கக் கொடுத்திருக்கிறேன்.