இராமநாதபுரம் கரையிலிருந்து முதுகலை படிக்க வந்தவர்களுக்கு: உதவித்தொகையை எங்கே, எப்போது கேட்பது

பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையின் பல ஊர்களிலிருந்தும் இந்தப் பருவத்தில் முதுகலை படிக்க வெளிநாடு வந்திருக்கும் தம்பி தங்கைகள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "கல்விக்கடன் வாங்கி வந்துவிட்டோம் அக்கா, இனிமேல் உதவித்தொகை ஏதாவது கிடைக்குமா?" கிடைக்கும். ஆனால் புறப்படுவதற்கு முன் கேட்க வேண்டிய பணம் வேறு, வந்து சேர்ந்த பிறகு கேட்க வேண்டிய பணம் வேறு. இது தெரியாமல், ஜெர்மனியின் ப்ரேமன் நகருக்கு வந்த முதல் ஆறு மாதங்களை எனக்குத் தகுதியே இல்லாத திட்டங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கழித்தேன். உங்களுக்கும் அப்படி ஆகக் கூடாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எந்தத் திட்டமானாலும் தொகையைப் பார்க்கும் முன் வசிப்பிட நிபந்தனையைப் படியுங்கள். பிரிட்டனின் காமன்வெல்த் உதவித்தொகை சொந்த நாட்டில் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கு உரியது. அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்-நேரு முதுகலைத் திட்டத்துக்கு இந்தியாவில் இருந்துகொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. தரும் உதவித்தொகைகளில் பெரும்பாலானவற்றுக்கு, விண்ணப்பிக்கும் நாளில் நீங்கள் ஜெர்மனியில் 15 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. எனவே வந்து ஓராண்டு ஆனவர்கள், அந்தக் கணக்கை இன்றே நாட்காட்டியில் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

ஜெர்மனிக்கு வந்துவிட்டவர்கள் முதலில் கேட்க வேண்டியது டாய்ச்லாண்ட் ஸ்டிபெண்டியம். 2011-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் மாதம் 300 யூரோ கிடைக்கும். பாதியை ஜெர்மன் மத்திய அரசும் பாதியைத் தனியார் கொடையாளர்களும் தருகிறார்கள். எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. நீங்கள் படிக்கும் பல்கலைக்கழகத்திடமே விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நாள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மாறும். மதிப்பெண்ணோடு சமூகப் பணியையும் குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதை, ஊரில் கட்டணச் சலுகைக்காக வாங்கிய சான்றிதழாக மட்டும் நினைத்து ஒதுக்கிவிடாமல், விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள். விசாவுக்காக முடக்கக் கணக்கில் (செலவுப் பணத்தை முன்பே போட்டுவிட்டு, மாதாமாதம் குறிப்பிட்ட அளவு மட்டும் எடுக்கும் வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ காட்டி வந்திருக்கும் உங்களுக்கு, மாதம் 300 யூரோ என்பது ஏறக்குறைய வீட்டு வாடகைச் சுமை குறைவதற்குச் சமம்.

அடுத்தது, துறையிலேயே மாணவ உதவியாளர் வேலை. வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்ற வரம்பில் பல்கலைக்கழகத்துக்குள் செய்யும் இந்த வேலை சேராது. உணவகத்தில் தட்டுக் கழுவும் நேரத்தை ஆய்வகத்தில் செலவிட்டால், ஊதியத்தோடு உங்களை அறிந்த பேராசிரியர் ஒருவரும் கிடைப்பார்; பின்னால் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது அது எவ்வளவு பெரிய பலம் என்று தெரியும். படிப்பின் கடைசிக் கட்டத்தில் பணம் தீர்ந்துவிட்டால் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் ஸ்டிபெட் நிதியைப் பற்றி, அதாவது வெளிநாட்டு மாணவர்களுக்காக டி.ஏ.ஏ.டி. பல்கலைக்கழகங்கள் வழியாகத் தரும் உதவியைப் பற்றிக் கேளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமலே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றும் வருத்தம்.

அமெரிக்காவில் முனைவர் படிப்புக்குக் கட்டண விலக்கும் மாத ஊதியமும் வழக்கமாகக் கிடைக்கும். முதுகலைக்கு அப்படி எதிர்பார்க்க முடியாது, இரண்டாம் பருவத்திலிருந்து துறையில் கற்பித்தல் உதவியாளர் இடம் கேட்டுப் பார்க்கலாம். எந்த நாட்டில் இருந்தாலும், 1892-இல் தொடங்கப்பட்ட ஜே.என். டாடா அறக்கட்டளையை மறந்துவிடாதீர்கள். முதலாண்டை முடித்து இரண்டாமாண்டுக்குப் போகும் மாணவர்களும் அதற்கு விண்ணப்பிக்க முடியும். ஆனால் அது கடன் உதவித்தொகை, திருப்பிச் செலுத்த வேண்டும்.

இனி, ஊரில் இன்னும் புறப்படாமல் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக. இரண்டாண்டு வேலை அனுபவம் இருந்தால், வளர்ச்சி சார்ந்த முதுகலைப் படிப்புகளுக்கு டி.ஏ.ஏ.டி. தரும் உதவித்தொகையும், பிரிட்டனின் செவனிங் உதவித்தொகையும் உங்களுக்குப் பொருந்தும். செவனிங் பெற்றவர்கள் படிப்பு முடிந்து ஈராண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். வேலை அனுபவம் இல்லாமல் கல்லூரி முடித்த கையோடு போக விரும்புகிறவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைகளைப் பாருங்கள். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ 24 மாதங்கள் வரை கிடைக்கும். பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் கடல் உயிரியல் வளங்கள் பற்றிய முதுகலையும் இவற்றில் ஒன்று. மன்னார் வளைகுடாவின் கரையில் பிறந்தவர்கள் அதற்கு விண்ணப்பிக்காமல் வேறு யார் விண்ணப்பிப்பது?

அரசுத் திட்டங்களில் சாதிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஏனென்றால் நம் கரையில் கடல் தொழிலுக்குப் போகும் குடும்பங்கள் எல்லாம் ஒரே பட்டியலில் இல்லை. ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் குடும்பத்தினர் 35 வயதுக்குள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகைத் திட்டமும் உண்டு. சிறுபான்மையினருக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் முகவரை நம்ப வேண்டாம். கீழக்கரைப் பக்கம் ஜமாஅத்தும் வெளிநாட்டில் பிழைக்கும் சபுராளிகளும், நம் பக்கம் கிறித்தவப் பங்குக் கோயிலும் விமானச் சீட்டுக்கோ விசாக் கட்டணத்துக்கோ உதவுவது உண்டு. அதையும் முறையாக எழுத்தில் கேளுங்கள்.

கடனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 4 லட்சம் வரை ஈடு தேவையில்லை, 7.5 லட்சம் வரை பிணையாள் போதும், அதற்கு மேல் சொத்து ஈடு கேட்பார்கள். கடற்கரைக் குடியிருப்புகளில் வீட்டடி மனைக்குப் பட்டா இல்லாத குடும்பங்கள் எத்தனையோ. படகையும் வலையையும் கல்விக்கடனுக்கு ஈடாக ஏற்ற வங்கியை நான் பார்த்ததில்லை. அதனால்தான் உதவித்தொகை நம்மவர்களுக்கு இவ்வளவு அவசியம் என்கிறேன்.

நோக்கக் கடிதத்துக்கு வருகிறேன். "சிறுவயது முதலே கடல் மீது ஆர்வம் கொண்டிருந்தேன்" என்று தொடங்கிய என் முதல் வரைவைப் படித்த மூத்த மாணவி ஒருவர், அதை மடித்து வைத்துவிட்டு, "உன் அம்மா கடலில் என்ன செய்கிறார்?" என்று கேட்டார். அம்மா விரல்களில் துணி சுற்றி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு பாறைகளில் மரிக்கொழுந்துப் பாசி எடுப்பதையும், முன்பு ஒரு காலையில் நிறைந்த பை இப்போது மதியம் வரை நிறையாததையும் சொன்னேன். அதையே எழுதச் சொன்னார். அந்தப் பாசி ஏன் குறைகிறது, அதை அறிய எந்தப் பாடம் தேவை, திரும்பி வந்து அதை யாருக்குச் சொல்வேன் என்று மூன்று பத்திகள் எழுதினேன். பின்னர் கிடைத்த ஒரே உதவித்தொகை அந்தக் கடிதத்துக்குக் கிடைத்ததுதான்.

பெயர்ச் சிக்கலை முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். என் மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து மட்டும் இருந்தது, கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முழுதாக இருந்தது. இரண்டும் ஒருவரா என்று கேட்டு ஒரு பல்கலைக்கழகம் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தது. நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி அனுப்புவதற்குள் கடைசி நாள் போய்விட்டது. தலைப்பெழுத்தின் விரிவைக் காட்டும் பத்திரத்தை இப்போதே வாங்கி, ஆங்கில நகலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் மீன்பாடு இல்லை, ஆகவே ஜெர்மன் மாணவர் விசாவுக்குக் கேட்கும் ஏ.பி.எஸ். (கல்விச் சான்று சரிபார்ப்பு) சான்றிதழுக்கும் தேர்வுகளுக்கும் கட்ட வேண்டிய பணத்தைத் தைக்கு முன்பே ஒதுக்கிவிடுங்கள். ஆனால் அப்பா கரையில் இருக்கும் காலமும் அதுவே. வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும், கிராம நிர்வாக அலுவலரையும் வட்டாட்சியர் அலுவலகத்தையும் பார்க்க நேரில் ஓர் ஆள் வேண்டும். ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்துக்குப் பல படிப்புகளின் கடைசி நாள் ஜூலை 15 என்பதால், மே மாதத்திலேயே அவரை இ-சேவை மையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.