வர்ச்சுவல் பியானோ: கட்டையை அழுத்திய பிறகு தாமதமாக ஒலி வருகிறது, பஃபரைக் குறைத்தால் கரகரப்பு. உதவி தேவை

ரெண்டுகட்டை:

வணக்கம். யமஹா பி-45 டிஜிட்டல் பியானோவை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளுக்குள் ஸ்ஃபோர்ட்சாண்டோ பிளேயரில் சாலமாண்டர் கிராண்ட் பியானோ என்ற ஒலித் தொகுப்பை (நிஜப் பியானோவிலிருந்து பதிவு செய்தது) ஏற்றி வாசிக்கிறேன். ஒலி அருமையாக இருக்கிறது, அதனால்தான் விட மனசில்லை. ஆனால் கட்டையை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் ஒலி வருகிறது. மெதுவான பாட்டு என்றால் எப்படியோ சமாளித்துவிடலாம், சரளி வரிசையை மூன்றாம் காலத்தில் எடுத்தால் விரல் முன்னால் போகிறது, ஒலி பின்னால் வருகிறது, காது எதை நம்புவது என்று தெரியாமல் கை தானாகவே வேகம் குறைகிறது.

லேப்டாப்: ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11, எஸ்எஸ்டி. தனி சவுண்ட் கார்டு இல்லை. தாமதத்தைக் குறைக்க ஏசியோ4ஆல் என்ற ஒலி டிரைவரைப் போட்டிருக்கிறேன், பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலியின் அளவு) 512 சாம்பிள், சாம்பிள் ரேட் (வினாடிக்கு எத்தனை சாம்பிள்) 44,100. கணக்குப்படி 512-ஐ 44,100-ஆல் வகுத்தால் 11.6 மில்லிசெகண்ட்தான் வருகிறது, ஆனால் கேட்பது அதைவிடப் பல மடங்கு. 128-க்கு இறக்கினால் சும்மா வாசிக்கும்போது பரவாயில்லை, பெடலை மிதித்தவுடன் படபடவென்று வெடிக்கிறது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்ஃபோனில்தான் பயிற்சி, அதனால் பியானோவின் சொந்த ஸ்பீக்கரில் வாசித்துக்கொள் என்று சொல்லிவிடாதீர்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ் (வெளியே இணைக்கும் தனி சவுண்ட் பெட்டி) வாங்கத்தான் வேண்டுமா?

பெடல்_மிதி:

முதலில் ஒன்று, ஹெட்ஃபோன் வயருள்ளதுதானே? புளூடூத் என்றால் மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை. சாதாரண புளூடூத் ஹெட்செட்டில் 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை போகும், அதை எந்த செட்டிங்கும் சரிசெய்யாது.

ரெண்டுகட்டை:

வயர்தான் ப்ரோ. லேப்டாப்பின் 3.5 மிமீ ஜாக்கில்.

ஸ்டுடியோ_மூலை:

இன்டர்ஃபேஸ் வாங்கிவிடுங்கள் நண்பா, வேலை முடிந்தது. லேப்டாப்பின் உள் சவுண்ட் சிப் பாட்டு கேட்பதற்காகச் செய்தது, வாசிப்பதற்காகச் செய்ததில்லை. சொந்த ஏசியோ டிரைவர் உள்ள பெட்டி ஒன்று வந்தால் 64 சாம்பிளில்கூட ஓடும்.

ஐந்தரைக்கட்டை:

வாங்குவதற்கு முன் தாமதம் எங்கே இருக்கிறது என்று அளந்து பாருங்கள் தம்பி. கட்டையிலிருந்து காது வரை வழியில் நாலைந்து இடம் இருக்கிறது, பஃபர் அதில் ஒன்றுதான். எந்த இடம் என்று தெரியாமல் பணம் போட்டால் பணம் போகும், தாமதம் அப்படியே இருக்கும்.

அளப்பது சுலபம், உங்களிடம் பி-45 இருப்பதால் இன்னும் சுலபம். அதன் சொந்த ஒலியை அணைக்காதீர்கள். லோக்கல் கன்ட்ரோல், அதாவது கட்டையை அழுத்தினால் பியானோவே ஒலிக்கும் செட்டிங், ஆன் ஆகவே இருக்கட்டும். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு லேப்டாப் ஸ்பீக்கரிலும் ஒலி வரட்டும். பி-45-இல் ஹார்ப்சிகார்டு வாய்ஸை எடுங்கள், அதன் தொடக்கம் ஊசி மாதிரி கூர்மையாக இருக்கும். லேப்டாப்பில் உங்கள் பியானோ இருக்கட்டும். மொபைலை இரண்டுக்கும் நடுவில் வைத்து ரெக்கார்ட் செய்துகொண்டு, மேல் ஸ்தாயியில் ஒரே ஒரு கட்டையைச் சுருக்கென்று தட்டி எடுங்கள். சில முறை, இடைவெளி விட்டு. அந்தக் கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து, அலை நூல் நூலாகத் தெரியும்வரை பெரிதாக்கினால் ஒரு தட்டலுக்கு இரண்டு எழுச்சி இருக்கும்: முதலாவது பியானோவின் சொந்த ஒலி, இரண்டாவது கணினி வழியாக வந்தது. முதல் எழுச்சியின் அடியிலிருந்து இரண்டாவதின் அடிவரை மவுஸால் இழுத்துத் தேர்வு செய்தால் கீழே அதன் நீளம் மில்லிசெகண்டில் வரும். அதுதான் உங்கள் உண்மையான தாமதம். மென்பொருள் திரையில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், ஏசியோ4ஆலுக்கு உள்ளே இருக்கும் சிப் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று தெரியாது, தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லும்.

இன்னொன்று, 512-க்கு 11.6 என்பது ஒரு பஃபரின் நீளம். ஏசியோ இரண்டு பஃபரை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது, ஒன்று ஒலிக்கும் நேரத்தில் மற்றது நிரம்பும். நீங்கள் கட்டையை எந்தக் கணத்தில் அழுத்தினீர்கள் என்பதைப் பொறுத்து நடைமுறையில் 12 முதல் 23 வரை ஆகும். ஒவ்வொரு தட்டலுக்கும் எண் கொஞ்சம் மாறினால் பயப்படாதீர்கள், அதனால்தான் சில முறை தட்டச் சொன்னேன்.

ரெண்டுகட்டை:

அளந்தேன் அண்ணா. 68-லிருந்து 75 வரை வருகிறது! பஃபருக்கு 23 என்றே வைத்துக்கொண்டாலும் மீதி 50 எங்கிருந்து? மிடி (எந்தக் கட்டையை அழுத்தினோம் என்ற செய்தி) போகும் கேபிளா?

ஐந்தரைக்கட்டை:

மிடி இல்லை. பழைய ஐந்து முள் மிடி கேபிளிலேயே வினாடிக்கு 31,250 பிட் போகும், ஒரு ஸ்வரத்துக்கான செய்தி கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்டில் வந்து சேர்ந்துவிடும். யுஎஸ்பி அதைவிட வேகம். காற்றும் இல்லை, ஒலி ஒரு மீட்டரைக் கடக்க 3 மில்லிசெகண்ட்தான்.

ரீப்பரில் எல்லா ஒலியும் கடைசியாகக் கடந்து வெளியேறும் மாஸ்டர் டிராக்கில் என்னென்ன பிளகின் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) இருக்கிறது? மாஸ்டரின் எஃப்எக்ஸ் சன்னலைத் திறந்து கீழே இடது மூலையைப் பாருங்கள், சிபியூ சதவீதத்துக்குப் பக்கத்தில் சாம்பிள் கணக்கு ஒன்று எழுதியிருக்கும். எவ்வளவு?

ரெண்டுகட்டை:

2048 என்று இருக்கிறது. மாஸ்டரில் ஒரு ஈக்யூவும் (பாஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைப்பது) ஒரு லிமிட்டரும் (ஒலி அளவு மீறாமல் தடுப்பது). இந்த டெம்ப்ளேட்டையே அப்படித்தான் இறக்கினேன், பியானோவுக்கு ஏற்றது என்று போட்டிருந்தார்கள்.

ஐந்தரைக்கட்டை:

கிடைத்துவிட்டது. 2048-ஐ 44,100-ஆல் வகுங்கள்: 46.4 மில்லிசெகண்ட். அதோடு பஃபரின் 12 முதல் 23, சிப்புக்கும் மற்றதுக்கும் ஐந்தாறு என்று கூட்டினால் உங்கள் 68-75-க்கு வந்துவிடுகிறது.

அந்த ஈக்யூ லீனியர் ஃபேஸ் வகையாக இருக்கும். அந்த வகை ஈக்யூ எல்லா அலைவரிசையையும் ஒரே அளவு தாமதப்படுத்துவதால்தான் ஒலியின் வடிவம் கெடாமல் இருக்கிறது, தாமதம் அதன் வேலையிலேயே அடக்கம். லிமிட்டர்களும் பெரும்பாலும் அடுத்து என்ன வரப்போகிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒலியை வெளியே விடும், அதற்கும் சில மில்லிசெகண்ட் ஆகும். பதிவு முடிந்து மிக்ஸ் செய்யும்போது இவை அருமையான கருவிகள். அப்போது எந்தத் தாமதத்தையும் ரீப்பர் தானே ஈடுகட்டிக்கொள்ளும். ஆனால் நேரடியாக வாசிக்கும்போது எதிர்காலத்தை யாராலும் ஈடுகட்ட முடியாது. இரண்டையும் எடுத்துவிட்டு மறுபடி அளங்கள். ஈக்யூ இல்லாமல் முடியாது என்றால் சாதாரண வகையைப் போடுங்கள், ரீப்பரோடு வரும் ரீஈக்யூ போதும்.

ஸ்டுடியோ_மூலை:

இது நல்ல கண்டுபிடிப்பு. இன்டர்ஃபேஸ் வாங்கியிருந்தாலும் இந்த 46 போயிருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 128-இல் வெடிக்கிறதே, அதற்கு டிரைவர்தான் மருந்து என்பதில் நான் மாறவில்லை.

ரெண்டுகட்டை:

எடுத்துவிட்டேன். 22-லிருந்து 29 வரை! வாசிக்கும்போதே தெரிகிறது, கை லேசாகிவிட்டது. ஆனாலும் வேகமான இடங்களில் இன்னும் ஒட்டவில்லை. 128-க்குப் போனால் பெடலில் அதே படபடப்பு.

பெடல்_மிதி:

பெடலில் மட்டும் வெடிக்கிறது என்றால் அது குரல் எண்ணிக்கை, அதாவது பாலிஃபோனி, ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரங்களின் எண்ணிக்கை. பெடலை மிதித்தபடி வாசித்தால் பழைய ஸ்வரம் எதுவும் நிற்பதில்லை, ஒவ்வொரு கட்டையும் புதிதாக ஒரு சாம்பிளைத் தொடங்கிக்கொண்டே போகும், ஒரு ஓட்டம் முடிவதற்குள் நூறைத் தாண்டிவிடும். அத்தனையையும் 2.9 மில்லிசெகண்டுக்குள் கலந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு. பிளேயரில் பாலிஃபோனி வரம்பை 64-க்குக் குறையுங்கள். உங்கள் பி-45-இன் சொந்த ஒலிக்கே 64தான் வரம்பு, அதில் யாரும் குறை கேட்பதில்லை. மிகப் பழைய, ஏற்கெனவே தேய்ந்துபோன ஸ்வரம்தான் வெட்டுப்படும், காதுக்குத் தெரியாது.

ஐந்தரைக்கட்டை:

பெடல்_மிதி சொன்னது சரி. அதோடு லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், அந்த நேரத்தில் வாசித்துக்கொண்டும் இருங்கள். டிரைவர்கள் பிராசசரை எவ்வளவு நேரம் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்று மைக்ரோசெகண்டில் காட்டும். 128 பஃபர் என்றால் உங்களுக்கு இருப்பது 2,900 மைக்ரோசெகண்ட். ஏதோ ஒரு டிரைவர் அதில் 2,000-ஐத் தின்றுவிட்டால் பியானோவுக்கு மிஞ்சுவது 900. சிபியூ மீட்டர் 15 சதவீதம் என்று சாதுவாகக் காட்டும், ஒலி மட்டும் வெடிக்கும். நிறைய பேர் இங்கேதான் லேப்டாப்பே போதாது என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள், பாவம். லேப்டாப்பில் நான் பார்த்தவரை முதல் சந்தேகம் வைஃபை டிரைவர், பட்டியலில் என்டிஐஎஸ்.எஸ்ஒய்எஸ் என்று மேலே நிற்கும். அடுத்தது பேட்டரியை விசாரித்துக்கொண்டே இருக்கும் ஏசிபிஐ.எஸ்ஒய்எஸ். ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம், பவர் பிளானில் பிராசசரின் குறைந்தபட்ச நிலையை 100 சதவீதம் ஆக்குங்கள், யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள், சார்ஜரில் போட்டு வாசியுங்கள். சார்ஜரில் போட்டால் ஹெட்ஃபோனில் ‘ங்ங்’ என்று இரைச்சல் வருகிறதா என்றும் பாருங்கள், வந்தால் அது எர்த் பிரச்சினை, தாமதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் இருந்தால் அணைத்துவிடுங்கள். பிரவுசரையும் மூடிவிடுங்கள், பின்னால் ஏதாவது வீடியோ ஓடினால் ஏசியோ4ஆலால் அந்த சவுண்ட் சிப்பைப் பிடிக்கவே முடியாமல் போகும்.

ரெண்டுகட்டை:

அண்ணா, வைஃபைதான்! லேட்டன்சிமான் சிவப்பில் எழுதியது, என்டிஐஎஸ்.எஸ்ஒய்எஸ் 1,800 வரை ஏறியிருந்தது. ஏரோபிளேன் மோடில் 300-ஐத் தாண்டவில்லை. பாலிஃபோனி 64, பவர் பிளானும் மாற்றியாயிற்று. இப்போது 128-இல் பெடலை முழுக்க மிதித்து இரண்டு கையாலும் மேலிருந்து கீழே வரை இறங்கினேன், ஒரு வெடிப்புகூட இல்லை. அளந்தால் 8-லிருந்து 11. மூன்றாம் காலம் கையோடு ஒட்டி வருகிறது, ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியாக வாசித்தேன். 64 சாம்பிளுக்குப் போகலாமா?

ஐந்தரைக்கட்டை:

போகலாம், ஆனால் மிச்சமாவது இரண்டு மூன்று மில்லிசெகண்ட். அதற்குப் பதில் எந்த நேரம் வெடிக்குமோ என்ற பயத்தோடு வாசிக்க வேண்டிவரும். 10-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் என் விரலுக்கு அது போதும். நிஜப் பியானோவிலும் கட்டையை அழுத்தியதும் சுத்தி பாய்ந்து கம்பியைத் தொடக் கொஞ்ச நேரம் ஆகும், மெதுவாக அழுத்தினால் இன்னும் அதிகம் ஆகும், நம் கை அதற்குப் பழகியதுதான். கைக்குப் பொறுக்காதது ஒவ்வொரு தட்டலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும் தாமதம், பஃபர் சிறிதானதால் அதுவும் குறைந்துவிட்டது. 128-இலேயே இருங்கள்.

ஹெட்ஃபோனில் பயிற்சி செய்யும்போது பி-45-இன் லோக்கல் கன்ட்ரோலை ஆஃப் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அதன் ஸ்பீக்கரிலிருந்தும் ஒலி வரும், வீட்டில் எழுந்துவிடுவார்கள்.

ஸ்டுடியோ_மூலை:

மகிழ்ச்சி. பின்னால் பாட்டும் சேர்த்துப் பதிவு செய்ய வந்தால் மைக்குக்காக எப்படியும் இன்டர்ஃபேஸ் வேண்டும், அப்போது பெட்டிக்குச் சொந்த ஏசியோ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த சிலவற்றுக்கு இருக்காது, அவற்றிலும் கடைசியில் இதே ஏசியோ4ஆலைத்தான் போட வேண்டிவரும்.

வெள்ளைக்கட்டை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினி. இதே முறை எனக்கும் ஒத்துவருமா?

பெடல்_மிதி:

அளக்கும் முறையும் லேட்டன்சிமானும் அப்படியே பொருந்தும். ஆனால் சாலமாண்டர் உங்களுக்குச் சுமை, அது யமஹா சி5 கிராண்டை 16 அழுத்த நிலைகளில் பதிவு செய்தது, 4 ஜிபியில் மூச்சுத் திணறும். பியானோடெக்கின் சோதனைப் பதிப்பை ஒருமுறை பாருங்கள். அதில் பதிவு செய்த ஒலியே இல்லை, கம்பி அதிர்வதை அப்போதைக்கப்போது கணக்கிட்டு ஒலிக்கிறது, அதனால் டிஸ்க்கும் ரேமும் பெரிதாகத் தேவைப்படாது, பிராசசர்தான் வேலை செய்ய வேண்டும். சோதனைப் பதிப்பில் சில கட்டைகள் ஒலிக்காது, 20 நிமிடத்தில் நின்றும்விடும், ஆனால் உங்கள் கணினி தாங்குமா என்று தெரிந்துகொள்ள அது போதும். பிராசசர் எது என்று எழுதுங்கள், பஃபரை எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.