ஆலிவ் பச்சை அடித்த சுவர்: உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது?

கானாடுகாத்தான் பொண்ணு:
எங்கள் செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் ஒரு சுவருக்கு மட்டும் மண் சாயல் உள்ள ஆலிவ் பச்சை அடித்தோம். காலையில் வளவு முற்றத்து வெளிச்சம் விழும்போது, பர்மா தேக்குத் தூணில் அதுவரை கண்ணில் படாத ஒரு செம்மை தெரிந்தது. பக்கத்துப் பச்சைதான் அதை எடுத்துக் கொடுக்கிறது. சாயங்காலம் மஞ்சள் பல்பைப் போட்டோம். அப்பத்தா எழுந்து போய்ச் சுவரைத் தடவிப் பார்த்து, "காலையில பார்த்த செவுரு எங்க ஆத்தா போச்சு?" என்றார். பச்சையே இல்லை, வெறும் பழுப்பு. அந்தக் கேள்வி இன்னும் காதிலேயே நிற்கிறது.

தேவகோட்டைக்காரன்:
பல்புதான் காரணம். மஞ்சள் ஒளியில் நீலம் குறைவு, அதனால் ஆலிவில் பச்சை அடங்கிப் பழுப்பு மேலே வந்துவிடும். எங்கள் சாப்பாட்டு அறையிலும் இதே கதைதான். 4000 கெல்வின் பல்பு, அதாவது மஞ்சள் குறைந்த நடுத்தர வெள்ளை, மாட்டியதும் பச்சை திரும்பி வந்தது.

பள்ளத்தூர் வீடு:
அண்ணே, பல்பை விடுங்க. அடியில் என்ன பூச்சு என்று முதலில் கேட்க வேண்டாமா? எங்கள் சித்தப்பா வீட்டில் பழைய முட்டைப் பூச்சுச் சுவர் (சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றியது) மேல் இதே நிறத்தில் எமல்ஷன் பெயிண்ட் அடித்தார்கள். ஐப்பசி மழை முடிந்ததும் தரையை ஒட்டிக் கொப்புளம். விரலால் அழுத்தினேன், பெயிண்ட் அப்பளம் போல உடைந்து கையோடு வந்தது, பின்பக்கமெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. உள்ளே பழைய பூச்சு அப்படியே வழுவழுவென்று மின்னியது. எனக்கு வயிறு எரிந்தது.

சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். மேலே எமல்ஷன் தோல் போட்டால் ஈரமும் உப்பும் அதற்குப் பின்னால் தேங்கித் தள்ளும். அந்த வழவழப்பில் பெயிண்டுக்குப் பிடிப்பும் கிடையாது. தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் ஒட்டும் என்பார்கள், தயவுசெய்து தேய்க்க விடாதீர்கள். அந்தப் பூச்சு போனால் போனதுதான். சாதாரணச் சுண்ணாம்புச் சுவராக இருந்தால் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பிலேயே மஞ்சள் காவி, குரோமியம் ஆக்சைடு பச்சை, கொஞ்சம் கறுப்பு கலந்து அடிக்கலாம். காய்ந்தால் நன்றாக வெளிறும், அதனால் கலவை அழுத்தமாக இருக்கட்டும். முதலில் ஒரு மூலையில் அடித்துக் காயவிட்டு, பகலிலும் விளக்கிலும் பாருங்கள்.

ஆத்தங்குடி பக்கம்:
பூச்சு, பல்பு இரண்டும் சரி. தரையை யாருமே சொல்லவில்லையே! எங்களுக்குச் சிவப்புப் பூப் போட்ட ஆத்தங்குடிக் கல். வெயில் தரையில் பட்டு எழும்பினால் சுவரின் அடிப்பாகம் மட்டும் செம்பழுப்பாகத் தெரிகிறது. ஓலைக் கொட்டான் வைத்திருக்கும் மூலையில் அது கொள்ளை அழகு.

கானாடுகாத்தான் பொண்ணு:
எங்களுடையது பாகம் பிரித்தபோது புதிதாக எழுப்பிய சிமெண்ட் சுவர், முட்டைப் பூச்சுப் பக்கம் கை வைக்கவே இல்லை. பல்பை இன்றே மாற்றச் சொல்கிறேன். அப்பத்தாவையே கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.