ஆத்தாவோட அந்தமான் போறோம்: ஒரு நாள் படகுக்கு ஜாலி பாயா, ஹேவ்லாக்கா?

தேவகோட்டை மெய்யம்மை:
பிள்ளைகளோட அரைப் பரீட்சை லீவுக்கு அந்தமான் போறோம். சென்னையிலேர்ந்து ஃப்ளைட் போட்டாச்சு. ஆத்தாவும் வர்றாக. வயசு 74, முழங்கால் வலி, நீச்சல் தெரியாது. ஆனா பவளப்பாறை பாக்கணும்னு மொதல்ல சொன்னதே அவுகதான். அவுக அப்பச்சி நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குல வட்டிக்கடையில இருந்தவுக. கப்பல் கதை கேட்டே வளந்த ஆத்தா இதுவரைக்கும் ஒரு படகுல கால் வச்சதில்லை. போர்ட் பிளேர்லதான் தங்குறோம். படகுக்குன்னு ஒரு நாள்தான் இருக்கு. எந்தத் தீவு? சாப்பாட்டுக்கு என்ன செய்யுறது?

கோனாபட்டு சாத்தப்பன்:
ராதாநகர் கடற்கரைக்காகவே ஹேவ்லாக் போகலாம் ஆச்சி. ஆனா ஒரு ராத்திரியாவது தங்கணும். போக மட்டுமே கப்பலைப் பொறுத்து ஒன்றரையிலேர்ந்து ரெண்டரை மணி நேரம். அங்க அஞ்சு, அஞ்சரைக்கெல்லாம் பொழுது சாஞ்சுடும். அன்னைக்கே திரும்பணும்னா பாதி நாள் கப்பல்லயும் படகுத்துறை வரிசையிலயும் போயிடும்.

கண்டனூர்க்காரி:
மெய்யம்மை ஆச்சி, யோசிக்கவே வேண்டாம், ஜாலி பாய் போங்க. நீச்சல் தெரியாதவுகளுக்குப் பவளத்தைக் காட்ட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியலை.

போர்ட் பிளேர்லேர்ந்து ஏறக்குறைய 30 கி.மீ. தள்ளி வண்டூர். 1983-ல அறிவிச்ச மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா அங்கதான் இருக்கு, 15 தீவு அதுல. ஜாலி பாய் அதுல ஒண்ணு. படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் தீவுகளுக்கு நடுவுல போகும். ரெண்டு பக்கமும் கண்டல் காடு, தண்ணி பெரும்பாலும் அடங்கியே இருக்கும். திறந்த கடல்ல ஹேவ்லாக் கப்பல் ஆடுற ஆட்டம் ஆத்தாவுக்கு இங்க இருக்காது.

தீவுல படகுத்துறை கிடையாது. பெரிய படகு கொஞ்சம் தள்ளி நிக்கும், அங்கேர்ந்து கண்ணாடி அடிப் படகுக்கு மாறிக் கரைக்குப் போகணும். இறங்குற இடத்துல கால் நனையும். முழங்கால் வலிக்காரவுகளுக்குச் சிரமமே இந்த ரெண்டு இடந்தான். ஏறும்போதே படகுக்காரர்கிட்டச் சொல்லி வச்சுடுங்க. போர்ட் பிளேர்ல தமிழ் பேசுறவுக நெறைய, பாஷைக்குப் பயப்பட வேண்டாம்.

அந்தக் கண்ணாடிப் படகைப் பத்தி ஒண்ணு சொல்லணும். ஓரத்துப் பலகையில உக்காந்து நடுவுல குனிஞ்சு பாக்கணும். மான்கொம்பு மாதிரிக் கிளை விட்ட பவளம், மணல்ல கிடக்கிற கடல் அட்டை, அப்புறம் ராட்சதச் சிப்பி. வாயைத் திறந்து நீலமும் பச்சையுமா சதை தெரிய உக்காந்திருக்கும். மேல நம்ம நிழல் விழுந்தா வெடுக்குனு ஒடுங்கிக்கும். எங்க அப்பத்தா அதை ஒருக்கா பாத்துட்டு, படகைத் திருப்பச் சொல்லி மறுபடியும் பாத்தாக. பிள்ளைகள் முகமூடி போட்டுத் தண்ணியில இறங்கினா, கிளி மீன் பவளத்தைக் கடிக்கிற சத்தம் நறநறன்னு கேக்கும். அது தின்னுட்டு வெளியே விடுறதுலயும் நிறைய வெள்ளை மணல் உண்டாகுது.

எல்லாம் பல வண்ணத்துல இருக்கும்னு சொல்லி மட்டும் கூட்டிப் போகாதீங்க. 2010-ல கடல் சூடேறி அந்தமான் பவளம் ஏராளமா வெளிறிப்போச்சு. பவளத்துக்குள்ள குடியிருந்து அதுக்கு நிறமும் இரையும் குடுக்குற நுண்பாசி வெப்பம் தாங்காம வெளியேறிடும். அது திரும்பலைன்னா பவளம் செத்துடும். இருக்கிறதாவது நிக்கணும்னா நம்ம ஆளுக அதுமேல காலை ஊன்றாம இருக்கணும், ஆச்சி. இதைப் பிள்ளைகளுக்கு வீட்டுலயே சொல்லிக் கூட்டிப் போங்க. கரையில காஞ்சு கிடக்கிற துண்டைக்கூட எடுக்கக் கூடாது. பவளம் வனவிலங்குச் சட்டத்துல இருக்கு, ஏர்போர்ட்ல பையைப் பாப்பாக.

சாப்பாடு நீங்கதான் கொண்டு போகணும், அங்க கடை இல்லை. பிளாஸ்டிக் பையோ பாக்கெட்டோ ஏத்த விடமாட்டாக, வண்டூர்லயே சோதனை. நம்ம வீடுகள்ல எவர்சில்வர் அடுக்கு கேரியருக்கா பஞ்சம்? ஒண்ணு கொண்டு போங்க. புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கெடாம இருக்கும். தேன்குழல், சீப்புச்சீடை ஊர்லேர்ந்தே டப்பாவுல. தயிர்ச்சோறு வேண்டாம், வெயில்ல புளிச்சுடும். தண்ணிக்கு எவர்சில்வர் பாட்டில். கழிவறை வேலையை வண்டூர்லயே முடிச்சுட்டு ஏறுங்க.

தேவகோட்டை மெய்யம்மை:
ரொம்ப நன்றி ஆச்சி. ஆத்தாவுக்குப் படிச்சுக் காட்டினேன், சிப்பி விஷயத்தை மறுபடி படிக்கச் சொன்னாக. டிக்கெட் அங்க போயி எடுத்துக்கலாமா?

கண்டனூர்க்காரி:
வேண்டாம், முன்கூட்டியே எடுங்க. வனத்துறை அனுமதி வேணும், ஒரு நாளைக்கு இத்தனை பேர்னு அளவு உண்டு. திங்கட்கிழமை கிடையாது. மழைக்காலத்துல ஜாலி பாயை மூடிட்டு ரெட் ஸ்கின் தீவுக்கு விடுவாக. நீங்க போறது டிசம்பர், அதனால ஜாலி பாயே கிடைக்கும்.

தொண்டி ராவுத்தர்:
ஆத்தாவுக்குப் படகு புதுசுன்னா, கிளம்புறதுக்கு முன்னாடி பாம்பன் பக்கம் குந்துகால் போய் வாங்களேன். 1897-ல விவேகானந்தர் வந்து இறங்கின இடம். அங்கேர்ந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுறாங்க. அதுவும் பவளப்பாறை உள்ள தீவுதான், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுல வருது. காத்து பலமா இருந்தா விடமாட்டாங்க, கேட்டுக்கிட்டுக் கிளம்புங்க. காலையில தேவகோட்டையை விட்டா ராத்திரிக்குள்ள வீடு வந்துடலாம். படகுல ஏறி இறங்க அவங்க முழங்கால் எவ்வளவு தாங்கும்னு அங்கேயே தெரிஞ்சுடும்.